திலகவதியார் உயிரோடு இருந்தாரே, அதைவிடவா பெரிய துணிவு?

கெடிலக்கரை எழுதியது:

அப்பர் சுவாமிகளின் துணிவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நேராகப் பல்லவ மன்னனிடம் போய் நிற்கிறோம். நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தது, நஞ்சு கொடுத்தது, யானையை ஏவியது, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியது. எல்லாம் சரி. ஆனால் சேக்கிழார் பெரியபுராணத்தில் அந்த வரலாற்றைச் சொல்லும் வரிசையில் படித்துப் பாருங்கள். அதில் வரும் முதல் துணிவு அப்பருடையது அல்ல, அவருடைய அக்காவுடையது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூர், இன்றைய பண்ருட்டிப் பக்கம். புகழனார், மாதினியார் என்ற தம்பதிக்கு முதலில் பிறந்தவர் திலகவதியார், சில ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் மருள்நீக்கியார், பின்னாளில் நாம் அப்பர் என்பவர். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது கலிப்பகையார் என்ற படைத்தலைவர் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். வீட்டில் சம்மதிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே அரசன் ஏவலால் அவர் வடக்கே போருக்குப் போய்விடுகிறார். அந்த இடைவெளியில் புகழனார் நோயில் இறக்கிறார். மாதினியாரும் கணவரோடு உயிரை விடுகிறார். அடுத்து வரும் சேதி, கலிப்பகையார் போர்க்களத்தில் விழுந்துவிட்டார் என்பது.

திலகவதியார் சாகத் துணிகிறார். பெற்றவர்கள் அவருக்கென்று பேசிய உயிர் இது, அவரோடு போகட்டும் என்கிறார். அப்போது அந்தச் சின்னப் பையன் அக்காவின் காலில் விழுந்து அழுகிறான். அம்மா அப்பா போன பிறகு உங்களைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கலாம் என்றுதான் நான் உயிரோடு இருக்கிறேன், என்னைத் தனியாக விட்டுப் போவதானால் உங்களுக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்கிறான். தம்பி இருக்க வேண்டும் என்ற இரக்கத்தினால் அவர் உயிரைத் தாங்கிக்கொள்கிறார். நகை அணியாமல், எல்லா உயிர்களிடமும் அருளோடு, வீட்டிலேயே தவம்போல வாழ்ந்தார் என்று சொல்கிறார் சேக்கிழார்.

கடலில் தள்ளப்பட்டவருக்கு அது ஒரு நாள் சோதனை. அக்கா எடுத்த முடிவோ அன்றோடு முடிந்ததில்லை. மறுநாள் எழுந்ததும் அதே முடிவை மறுபடி எடுக்க வேண்டும், அதற்கு மறுநாளும். இதை ஏன் நாம் துணிவு என்று பாராட்டுவதில்லை? உங்கள் எண்ணங்களைச் சொல்லுங்கள்.

---

மல்லிகைப்பந்தல் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பா அம்மா இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். சித்தப்பா வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பிரித்து வளர்க்கலாம் என்று பேசினார்கள். சின்னவன் அன்று ராத்திரி முழுக்க என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டே தூங்கினான். பிரிக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காலையில் சொன்னேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவி ஆளாகச் சேர்ந்தேன். அப்புறம் ஓவர்லாக் தையல் மெஷின் பழகி டெய்லர் ஆனேன். சீசனில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு வந்து விடியும் முன் எழுந்து இரண்டு பேருக்கும் டிபன் பாக்ஸ் கட்டுவேன். பஞ்சுத்தூசி தலையில் இருக்கும், அதோடே அடுப்பு பற்ற வைப்பேன்.

ஆனால் நீங்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். யாருக்காக உயிரோடு இருந்தாரோ அந்தத் தம்பியே பிறகு அக்காவை விட்டுப் போய்விடுகிறார் இல்லையா? எனக்கு அந்த இடம்தான் தாங்காது. பெரியவன் நன்றாக இருக்கிறான், வாரம் தவறாமல் போன் செய்வான். சின்னவன் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பேச்சு வார்த்தையில் முறித்துக்கொண்டு போனவன், வரவில்லை. போனை எடுப்பதில்லை. பண்டிகை என்றால் அவனுக்கும் சேர்த்து ஒரு சட்டை எடுத்து வைப்பேன். இந்த ஏக்கத்தைப் பற்றிச் சேக்கிழார் என்ன சொல்கிறார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

---

கெடிலக்கரை எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். எழுதியதற்கு நன்றி.

ஆமாம், போய்விடுகிறார். அதுவும் கெட்ட பிள்ளையாக இருந்து போகவில்லை, அதுதான் இந்த வரலாற்றில் வலிக்கும் இடம். நிலையாமையை அத்தனை இளம் வயதிலேயே பார்த்தவர் மருள்நீக்கியார். இருந்த செல்வத்தை எடுத்து அறச்சாலை, தண்ணீர்ப்பந்தல், சோலை, குளம் என்று செய்கிறார். எது மெய் என்று தேடுகிறார். அந்தத் தேட்டம் அவரைச் சமணத்தில் கொண்டு சேர்க்கிறது. பாடலிபுத்திரம் என்ற ஊருக்குப் போகிறார். வடக்கே உள்ள பாட்னாவை நினைக்க வேண்டாம். இது நம் கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூர். அங்கே தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலைக்கு வருகிறார்.

அக்கா என்ன செய்தார்? திருவாமூரை விட்டுத் திருவதிகைக்கு வந்து கோயில் பக்கத்தில் ஒரு மடத்தில் தங்குகிறார். விடியும் முன்னே எழுந்து கோயிலைக் கூட்டுகிறார், சாணம் கரைத்து மெழுகுகிறார், பூப்பறித்து மாலை கட்டுகிறார். தம்பி திரும்ப வேண்டும் என்று அதிகை வீரட்டானத்து ஈசனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சேக்கிழார் அந்த ஏக்கத்தைக் கண்ணீராகக் காட்டவில்லை, அன்றாட வேலையாகக் காட்டுகிறார். ஒப்பாரி இல்லை, தம்பி மேல் சாபம் இல்லை. தூது அனுப்பிக் கெஞ்சியதாகவும் இல்லை.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். திருவதிகைக் கோயிலும் கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூரும் கெடிலக்கரை. பண்ருட்டியைத் தாண்டிக் கிழக்கே ஓடிக் கடலூரில் கடலில் சேருகிறது அந்த ஆறு. அக்கா இருந்த ஊருக்கும் தம்பி இருந்த ஊருக்கும் நடுவே ஒரு நாள் நடைக்கு மேல் இல்லை. தூரதேசம் போனவனுக்காகக் காத்திருப்பது ஒரு மாதிரி. நடந்தால் பார்த்துவிடலாம் என்ற தூரத்தில் இருந்துகொண்டு காத்திருப்பது வேறு. உங்களுக்கு இது புரியும்.

---

கலை_மதுரை எழுதியது:

மன்னிக்கவும், எல்லோரும் நெகிழ்ந்து எழுதும்போது நான் மாற்றுக் கருத்தோடு வருகிறேன். மனதில் பட்டதைச் சொல்லாமல் போனால் அது நேர்மை ஆகாது.

பன்னிரண்டு வயதுப் பெண். கல்யாணம் பேசினார்கள், நடக்கவில்லை. அந்த மனிதரோடு ஒரு நாள் வாழ்ந்ததில்லை. அவர் இறந்ததும் இவள் சாக வேண்டும் என்று நினைக்கிறாள். ஏன் அப்படி நினைத்தாள்? சில நாள் முன்னால் அம்மா அப்படித்தான் செய்தாள். ஊரும் அதைத்தான் கற்பு என்று சொல்லிக்கொடுத்தது. பிறகு தம்பிக்காக உயிர் வைத்துக்கொண்டாள், சரி. ஆனால் அதற்குப் பிறகும் அவளுக்கு வாழ்க்கை என்று ஒன்று கிடைத்ததா? நகை இல்லை, திருமணம் இல்லை, வீடு இல்லை. சாகாத குறையாக வைத்திருந்துவிட்டு அதற்குத் துணிவு, தவம் என்று பெயர் சூட்டுகிறோம். நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. மூத்த பெண் குடும்பத்துக்காகத் தேய்ந்து போவாள், அவளைத் தெய்வம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

மல்லிகை அக்கா, இது உங்களைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை. உங்கள் தம்பிகளுக்கு நீங்கள் டிபன் கட்டிய வயதில் உங்களுக்கு யாராவது கட்டியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குக் கோபம்.

---

கெடிலக்கரை எழுதியது:

கலை, இந்தக் கோபம் நியாயமானது. மழுப்பாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்து வழக்கத்தை நான் நியாயப்படுத்தவில்லை. மாதினியார் கணவரோடு உயிர் விட்டதைச் சேக்கிழார் புகழ்ந்தே சொல்கிறார். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அதே கவி அடுத்த சில பாட்டுகளில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அம்மா போன வழியில் மகளும் போகத் துணிகிறாள். அவளைப் போக விடவில்லை. தடுத்தது அரசனும் இல்லை, ஊர்ப் பெரியவர்களும் இல்லை, தெய்வம் நேரில் வந்தும் சொல்லவில்லை. ஒரு சிறுவனின் அழுகை. செத்தால் கிடைக்கும் புகழை ஒரு பக்கமும் அழும் பிள்ளையை மறுபக்கமும் வைத்து, அவர் பிள்ளையைத் தேர்ந்துகொண்டார். ஊர் சொல்லிக்கொடுத்த கற்பை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தன் இரக்கத்தால் தாண்டினாள் என்றுதான் நான் படிக்கிறேன். அந்தக் காலத்தில் அந்த வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

தேய்ந்து போனாரா என்பது அடுத்த கேள்வி. தம்பி போன பிறகு அவர் திருவாமூரில் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. ஊரை விட்டுக் கிளம்பி, தனக்கென்று ஓர் இடம், ஒரு வேலை, ஒரு மடம் என்று அமைத்துக்கொண்டார். யார் தயவிலும் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு தம்பி ஆள் அனுப்பும்போது அவர் சொன்ன பதில் இருக்கிறதே, அது தேய்ந்து போனவர் பேச்சு இல்லை. அதைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

---

ஓதுவார்_வீட்டுப்பிள்ளை எழுதியது:

நான் எழுதுகிறேன். எங்கள் தாத்தா கோயிலில் தேவாரம் ஓதியவர், சூலைநோய்ப் பகுதியை அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

தருமசேனருக்கு வயிற்றில் சூலை வருகிறது. குடலை முறுக்குகிற வலி. உடனிருந்த சமணத் துறவிகள் மந்திரம் சொல்கிறார்கள், நீர் மந்திரித்துக் கொடுக்கிறார்கள், மயிற்பீலியால் தடவுகிறார்கள். குறையவில்லை. கடைசியில் தமக்குச் சமைத்துப் போடும் ஆளை அக்காவிடம் அனுப்புகிறார். அவன் இரவில் திருவதிகைக்கு வந்து, நந்தவனத்தில் அந்த அம்மையாரைப் பார்க்கிறான். தம்பியின் நிலையைச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் வந்து தன்னைக் காப்பாற்றச் சொன்னார் என்கிறான்.

எத்தனையோ வருடம் காத்திருந்த சேதி. யாராக இருந்தாலும் அப்படியே ஓடியிருப்பார்கள். திலகவதியார், உன்னோடு நான் அந்தச் சமணப் பள்ளிக்கு வரமாட்டேன், இதைப் போய்ச் சொல் என்கிறார். அவ்வளவுதான்.

தாத்தா இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெற்றிலை மடிப்பார். நாங்கள் “ஏன் வரமாட்டேன் என்றார்?” என்று கேட்போம். “அவள் போயிருந்தால் வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்திருப்பாள். அவன் அங்கேயே இருந்திருப்பான்” என்பார்.

அவன் திரும்பிப் போய்ச் சொல்கிறான். தருமசேனர் பாயையும் குண்டிகையையும் பீலியையும் அங்கேயே விட்டுவிட்டு, வெள்ளை உடுத்தி, ஆட்களைப் பிடித்துக்கொண்டு இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடக்கிறார். மடத்து வாசலில் அக்கா காலில் விழுகிறார். ‘நான் அன்றே சொன்னேனே’ என்ற ஒரு வார்த்தை அக்கா வாயில் இல்லை. எழுந்திரு என்கிறார், திருநீறு தருகிறார். விடியற்காலையில் துடைப்பமும் சாணத் தோண்டியும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கோயிலுக்குக் கிளம்புகிறார், தம்பியையும் கூட்டிக்கொண்டு. தம்பி வந்துவிட்டான் என்பதற்காக அன்றைய வேலை நிற்கவில்லை.

அங்கேதான் முதல் பதிகம் பிறக்கிறது. வலி தீருகிறது. நாவுக்கரசு என்ற பெயரும் அங்கேதான்.

ஒன்று கவனியுங்கள். அதற்குப் பிறகு அப்பர் வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தது உழவாரம். கோயில் பிரகாரத்தில் புல் செதுக்கும் கருவி. சம்பந்தர் கையில் பொற்றாளம், இவர் கையில் உழவாரம். பெரிய கல்விமான், வாதத்தில் பௌத்தர்களை வென்றவர், எதற்கு அதை எடுத்தார்? அன்று அதிகாலையில் அக்கா கையில் பார்த்த துடைப்பம்தான் அது என்று எனக்குத் தோன்றும். சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை, இது என் எண்ணம்.

---

மல்லிகைப்பந்தல் எழுதியது:

வரமாட்டேன் என்று சொன்னது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எனக்கு அது பிடிபடவில்லை. வலியில் துடிக்கிற தம்பி கூப்பிட்டால் நான் செருப்புக் கூடப் போடாமல் ஓடுவேன். அது துணிவா, கல்மனசா?

---

தென்னந்தோப்பு எழுதியது:

அக்கா, இதற்கு என் அனுபவத்தில் பதில் இருக்கிறது. எங்கள் அண்ணன் குடிக்கு அடிமை. எங்கேயாவது விழுந்து கிடப்பான், போன் வரும், அம்மா ஆட்டோ வைத்துக்கொண்டு ஓடுவார். கடன்காரன் வருவான், அம்மா தோடு அடகுக்குப் போகும். மறுவாழ்வு மையத்தில் இருந்த ஆலோசகர் அம்மாவிடம் ஒரு நாள், அவன் விழும்போதெல்லாம் நீங்கள் ஓடினால் அவன் எழுந்து வரவேண்டிய தேவையே வராது என்றார். அடுத்த முறை போன் வந்தபோது அம்மா, “வீடு திறந்துதான் இருக்கிறது, வரச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வைத்த கை நடுங்கியதை நான் பார்த்தேன். இரவு முழுக்கத் திண்ணையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கல்மனசு உள்ளவருக்கு அது கஷ்டமே இல்லை. மனசு உருகுகிறவர் சொல்லும்போதுதான் அது துணிவு.

அண்ணன் அன்று வரவில்லை. சில மாதம் கழித்துத் தானே வந்து சிகிச்சைக்குச் சேர்ந்தான். இப்போதும் நாளுக்கு நாள் போராட்டம்தான்.

---

நயினார்_வந்தவாசி எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போகலாம் என்றுதான் இருந்தேன். நான் தமிழ்ச் சமணன். வந்தவாசி, செஞ்சிப் பக்கம் எங்கள் ஆட்கள் இன்றும் விவசாயம் செய்துகொண்டு இருக்கிறோம், மேல்சித்தாமூரில் எங்கள் மடம் இருக்கிறது. இந்தக் கதை வரும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏதோ நான்தான் கல்லைக் கட்டித் தள்ளியது போல.

சண்டைக்காக எழுதவில்லை. சில விஷயங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பர் காலம் 7ஆம் நூற்றாண்டு. பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்கன் காலத்தது. நடுவே 500 ஆண்டு. கொடுமைக்கதைகள் வெற்றி பெற்ற பக்கத்தின் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. மன்னன் மனம் மாறிய பிறகு பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரேச்சரம் என்ற சிவன் கோயிலை எடுத்தான் என்று அதே பெரியபுராணம் சொல்கிறதே, அதை யாரும் இங்கே சொல்லவில்லை. அந்தப் பள்ளி சாதாரண இடமில்லை. லோகவிபாகம் என்ற சமண நூலைச் சர்வநந்தி என்ற முனிவர் அங்கேதான் கி.பி. 458இல் முடித்தார். இடிந்தபோது அங்கேயும் யாரோ அழுதிருப்பார்கள்.

இன்னொன்று. மருள்நீக்கியார் எங்களிடம் வந்தபோது அவரை யாரும் அவமதிக்கவில்லை. கற்பித்தார்கள், தருமசேனர் என்று தலைமையில் வைத்தார்கள். வலி வந்தபோது தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்தார்கள்.

திலகவதியார் எல்லா உயிர்களிடமும் அருளோடு வாழ்ந்தார் என்று முதல் பதிவில் படித்தேன். எங்கள் அறமும் அதுவே. அதனால் அந்த அம்மையாரை நானும் கும்பிடுகிறேன். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறை. நாங்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கும். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து அங்கே உயிர் துறந்தார் என்று பழைய எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அதையும் ஏறிப் பாருங்கள். அதுவும் நம்பிக்கைதான், அதுவும் துணிவுதான்.

---

கெடிலக்கரை எழுதியது:

நயினார் ஐயா, நீங்கள் எழுதியது இந்த இழைக்கே மரியாதை. குணபரேச்சரம் பற்றிச் சொன்னது உண்மை, பெரியபுராணத்தில் அப்படியே இருக்கிறது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர், அதனால்தான் அந்த மன்னன் அவனே என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஒரு சமயத்தின் கோயிலை இடித்து இன்னொன்றைக் கட்டுவதில் எனக்குப் பெருமை இல்லை. அப்பர் அதை இடிக்கச் சொன்னதாகவும் நான் படித்ததில்லை.

திலகவதியார் தம்பிக்காகக் கேட்டது அவன் வரவேண்டும் என்பதை மட்டும்தான். எதிர்ப்பக்கம் அழிய வேண்டும் என்று கேட்கவில்லை. நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அரசன் கையில் போன நம்பிக்கை கல்லைப் பெயர்த்தது. அக்கா கையில் இருந்தபோது அது தரையை மெழுகியது.

---

வடமராட்சியான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊர்க் கோயில்களில் புராணபடனம் என்று உண்டு. ஒருவர் பெரியபுராணப் பாட்டை ராகத்தோடு வாசிக்க, மற்றவர் பொருள் சொல்லுவார். ஆறுமுக நாவலர் பெருமான் 1852இலேயே பெரியபுராணத்தை வசனமாக எழுதி அச்சிட்டவர், அதை வீட்டில் வைத்து வாசிக்காத பழைய சைவக் குடும்பங்கள் குறைவு. என்ர அம்மம்மா திலகவதியார் கட்டம் வரும்போது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பா. சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை.

இப்ப விளங்குது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டம் தொடங்கினார்கள். மகன் எங்கே, கணவர் எங்கே, கையளித்தோமே, பதில் சொல்லுங்கள் என்று படத்தைப் பிடித்தபடி வீதியோரம் இருந்தார்கள். வெயில், மழை, தூசி. பதில் கேட்டபடியே சில அம்மாமார் இறந்தும் போய்விட்டார்கள். இறந்துவிட்டான் என்று தெரிந்தால் செய்யவேண்டிய கிரியையைச் செய்யலாம். இருக்கிறான் என்று தெரிந்தால் ஓடிப் போகலாம். இரண்டும் தெரியாமல் ஒவ்வொரு நாளும் சோறு காய்ச்சி, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வந்து கொட்டகையில் இருப்பது எப்பிடிப்பட்ட மனவுறுதி என்று யோசியுங்கள்.

திலகவதியாருக்குக் கனவில் இறைவன் வந்து, உன் தம்பியை நாம் ஆட்கொள்வோம் என்று சொன்னதாகப் புராணம். இந்த அம்மாமாருக்கு அப்படி ஒருவரும் வந்து சொல்லவில்லை. அவர்கள் கோயில் வாசலை விட்டுப் போகவும் இல்லை. கெடிலக்கரை அண்ணை, உங்கட கேள்விக்கு என்ர பதில் இதுதான்.

---

கலை_மதுரை எழுதியது:

வடமராட்சி அண்ணா, நீங்கள் எழுதியதற்கு என்னிடம் வார்த்தை இல்லை.

என் கேள்வியை நான் விட்டுவிடவில்லை, ஆனால் கொஞ்சம் திருத்திக் கேட்கிறேன். காத்திருப்பவரின் துணிவை நானும் மதிக்கிறேன். அந்தத் துணிவு தேவைப்படும்படி அவரைத் தள்ளியவர்களை நாம் கேள்வி கேட்காமல் விடக்கூடாது. கிளிநொச்சித் தாய்மார் கேட்கிறார்கள், வீதியில் உட்கார்ந்து கேட்கிறார்கள். திலகவதியார் கதையில் கலிப்பகையாரைப் போருக்கு அனுப்பிய அரசனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

---

ஓதுவார்_வீட்டுப்பிள்ளை எழுதியது:

கலை அக்கா, அக்காவின் கதையில் யாரும் கேட்கவில்லை, சரி. தம்பி கேட்டார் அல்லவா? அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, நாம் யாருக்கும் குடியல்ல, எமனுக்கும் அஞ்சமாட்டோம் என்று பாடியனுப்பியது யார் வளர்த்த பிள்ளை? வருங்காலக் கணவரை அரசன் ஏவல் கொண்டுபோன வீட்டில் வளர்ந்தவன்தான் பின்னாளில் அரச ஆணைக்கு வரமாட்டேன் என்றான். அக்கா நந்தவனத்தில் ‘வரமாட்டேன்’ என்றார், தம்பி அரசன் ஆட்களிடம் ‘வரமாட்டேன்’ என்றார்.

கல்லோடு கடலில் தள்ளப்பட்டு, அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரையேறிய ஊர் எது தெரியுமா? அதே திருப்பாதிரிப்புலியூர். பழைய வாழ்க்கை வாழ்ந்த ஊரிலேயே கரை சேருகிறார். அங்கே பாடிய பதிகத்தில் இறைவனைத் தாய் என்கிறார், தந்தை என்கிறார், அடுத்து உடன்பிறந்தவர் என்கிறார். தாய் தந்தை என்று பாடாத அடியார் இல்லை. உடன்பிறப்பையும் அந்த வரிசையில் சேர்த்தது, சின்ன வயதிலேயே இருவரையும் இழந்து அக்கா கையில் வளர்ந்தவருக்குத் தானாக வந்திருக்கும். தேவாரத்தில் அவர் அக்கா பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

---

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். தென்னந்தோப்பு தம்பி, உங்கள் அம்மா சொன்ன வார்த்தையை எழுதி வைத்துக்கொண்டேன். நான் சின்னவனுக்கு நாளும் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். இனி அப்படிப் போடப் போவதில்லை. வீடு திறந்திருக்கிறது என்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது.

கலை தங்கச்சி, எனக்காகக் கோபப்பட்டதற்குச் சந்தோஷம். அந்த வயதில் யாரும் கோபப்படவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தக் காலத்தில் நான் தேய்ந்து மட்டும் போகவில்லை. பெரியவன் பத்தாவதில் மார்க் வாங்கி வந்த அன்று கம்பெனியில் லைன் முழுக்க எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம் என்னுடையது.

ஐயா, அந்தத் திருவதிகைக்குப் போனால் அம்மையாரைப் பார்க்க முடியுமா? அறுபத்து மூவர் வரிசையில் தேடினால் போதுமா?

---

கெடிலக்கரை எழுதியது:

அறுபத்து மூவர் வரிசையில் தேடினால் கிடைக்கமாட்டார், அம்மா. அதில் பெண்கள் மூவர்தான்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், சுந்தரரின் தாயார் இசைஞானியார். திலகவதியார் அந்தக் கணக்கில் இல்லை. அடியார்களை வரிசைப்படுத்திச் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையில் அவர் பெயர் இல்லாததால் பின்னால் வந்தவர்களும் சேர்க்கவில்லை. எனக்கு இது நெடுநாள் குறை.

அதே சுந்தரர் திருவதிகைக்கு வந்தபோது ஊருக்குள் கால் வைக்கவில்லை தெரியுமா? அப்பர் கையால் திருப்பணி செய்த மண், அதை எப்படி மிதிப்பேன் என்று பக்கத்தில் சித்தவடமடத்தில் தங்கிவிட்டார். அப்பருக்கு முன்னால் அந்த மண்ணை வருடக்கணக்கில் கூட்டி மெழுகியவர் யார் என்று அவருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் கோயிலில் அவருக்குச் சன்னிதி இருக்கிறது, கவலைப்படாதீர்கள். பண்ருட்டி பஸ் நிலையத்திலிருந்து பக்கம்தான், ஆட்டோவில் போய்விடலாம். சித்திரைச் சதயம் அப்பர் குருபூஜை, கூட்டம் இருக்கும். நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் சாதாரண நாளில் நடை திறக்கும் நேரத்துக்கே வந்துவிடுங்கள். எங்கள் உழவாரக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்று வட்டாரக் கோயில்களுக்குப் போகும். மதில் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் மேலே வெட்டினால் போதாது, மறுபடி தழைத்துவிடும், வேரோடு எடுக்க வேண்டும். அதற்கு நிதானமான கை வேண்டும். ஓவர்லாக் ஓட்டிய கை என்றால் எங்களுக்கு உதவியாக இருக்கும். நயினார் ஐயா, திருநாதர்குன்றுக்கு எந்த வழியாக ஏற வேண்டும் என்று நீங்கள் இங்கே எழுதினால் ஒரு ஞாயிறு நாங்கள் அங்கும் வருகிறோம்.

---

நயினார்_வந்தவாசி எழுதியது:

செஞ்சியிலிருந்து ஊருக்கு வெளியே வந்ததும் பாறை கண்ணில் படும், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வெயில் ஏறும் முன்னால் வாருங்கள், கல் சூடாகிவிட்டால் வெறுங்காலோடு நிற்க முடியாது. வரும் ஞாயிறு தெரிந்தால் சொல்லுங்கள், நானும் வந்து நிற்கிறேன்.